ஜானி மார்: 23 வயசுல பேண்டை விட்டவர், அதுக்கப்புறம் வாசிச்ச வாசிப்பு

உப்புக்காற்று (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
ஜூன் 23, இரவு 10:47

வணக்கம் மக்களே. முந்தாநாள் 21ஆம் தேதி, இசைத் திருநாளுக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போயிருந்தேன். ஆறு வருஷத்துல முதல் தடவையா கையில கிட்டார் இல்லாம போனேன். எங்க பேண்டு பிப்ரவரியில கலைஞ்சு போச்சு. கூட்டத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தப்போ தெரிஞ்ச பாடகர் ஒருத்தர் தோள்ல கை போட்டார். "எங்களோட வந்துடுங்க. லீடுக்கு ஆள் இருக்கு, நீங்க ரிதம் பார்த்துக்கங்க"ன்னார். லீடுன்னா பாட்டுக்கு மேல தனியா எடுப்பா தெரியற வாசிப்பு, ரிதம்னா பின்னாடி நின்னு பாட்டைத் தாங்கற வாசிப்பு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. பத்து வருஷமா லீடு வாசிச்சவனைப் போய் ரிதமுக்குக் கூப்பிடறாங்களேன்னு மனசுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

எழுந்து உட்கார்ந்து இங்கிலாந்துக் கிட்டார்காரர் ஜானி மாரைக் கேட்க ஆரம்பிச்சேன். விடியற வரைக்கும் கேட்டேன். அவரைப் பத்தி நம்ம பக்கத்துல தமிழ்ல யாரும் விரிவா எழுதினதா நான் பார்த்ததில்லை. அதனால நானே எழுதறேன்.

அவர் எனக்கு அறிமுகமானது 2009ல, காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல. அட்டை இல்லாத ஒரு கேசட். யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போறப்போ போட்டுட்டுப் போனதா இருக்கும், மேல நீல மையில கையெழுத்து. பத்து ரூபா. கிட்டார் சத்தம் கேட்டதும் மூணு பேர் சேர்ந்து வாசிக்கறாங்கன்னுதான் நினைச்சேன். ஒரே ஆள்னு தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

பிறந்தது 1963 அக்டோபர் 31, மான்செஸ்டர்ல ஆர்ட்விக்ங்கிற பகுதி. அப்பா அம்மா ரெண்டு பேரும் அயர்லாந்துல கில்டேர் மாவட்டத்துலேருந்து பிழைக்க வந்தவங்க. அப்பாவுக்குத் தெருவைத் தோண்டி கேஸ் குழாய் பதிக்கிற வேலை. உண்மையான குடும்பப் பேர் மாஹர். அதே ஊர்ல அதே பேர்ல ஏற்கனவே ஒரு பிரபல டிரம்மர் இருந்ததால இவர் 'மார்'னு மாத்திக்கிட்டார். பள்ளிக்கூடத்துல கிடைச்ச கூட்டாளி ஆண்டி ரூர்க். பின்னாடி அவர்தான் பேஸ் கிட்டார்.

1982ல, இவருக்கு 18 வயசு. பாட்டு எழுத ஆள் வேணும். ஊருக்குள்ள ஒருத்தர் வீட்டை விட்டு அதிகம் வெளிய வராம எழுதிக்கிட்டே இருக்காருன்னு கேள்விப்பட்டு, நேரா போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் மாரிஸ்ஸி, பின்னாடி அவர்தான் பாடகர். அதே வருஷம் அக்டோபர்ல இவங்க பேண்டு 'தி ஸ்மித்ஸ்' முதல் மேடை. 1984லேருந்து 1987 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணா நாலு ஸ்டுடியோ ஆல்பம். 1987 கோடையில இவர் விலகிட்டார். வயசு 23.

நம்ம ஆளுங்க எல்லாரும் அவர் கதையை இங்கேயே முடிச்சுடறாங்க. எனக்கு அங்கேதான் ஆரம்பிக்குது. விலகினவர் தன் பேர்ல ஒரு பேண்டு கட்டி முன்னாடி நின்னிருக்கலாம், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தாங்க. இவர் போய் பிரிட்டெண்டர்ஸ்ங்கிற பேண்டுல வாசிச்சார். மேட் ஜான்சனோட 'தி தி' குழுவுல 1989லயும் 1993லயும் வந்த ரெண்டு ஆல்பத்துக்கு வாசிச்சார். 'நியூ ஆர்டர்' பேண்டுப் பாடகர் பெர்னார்ட் சம்னரோட சேர்ந்து கட்டின குழு 'எலக்ட்ரானிக்'. அதுல கிட்டாரைவிட கீபோர்டும் டிரம் மெஷினும்தான் அதிகம். நாற்பது வயசு தாண்டினப்புறம் அமெரிக்காவுல மாடஸ்ட் மவுஸ்ங்கிற பேண்டுல சேர்ந்தார். 2007 மார்ச்ல வந்த அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியல்ல நேரா முதலிடத்துல இறங்குச்சு. ஸ்மித்ஸுக்கே கிடைக்காத இடம் அது. அப்புறம் தி கிரிப்ஸ்: மூணு அண்ணன் தம்பி வாசிக்கிற குழு, அதுல நாலாவது ஆளா இவர். தன் பேரை மட்டும் போட்டு முதல் ஆல்பம் வந்தது 2013ல. அப்போ வயசு 49.

அடுத்தவங்க பாட்டுக்குள்ள போய் உட்கார்ந்து, அந்தப் பாட்டுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் குடுத்துட்டு வர்றது. இதைக் கால் நூற்றாண்டு செஞ்சிருக்கார். அவரோட பெரிய சாதனை இந்தக் காலம்தான்னு நான் நினைக்கிறேன். உங்க கருத்து என்ன?

---

கெடிலக்கரை (கடலூர் ஓ.டி.)
ஜூன் 24, காலை 6:15

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா முடிவுல எனக்கு உடன்பாடு இல்லை. வேலைக்குப் பஸ் ஏறறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போறேன்.

அந்த அஞ்சு வருஷம் இல்லைன்னா மீதியை யார் கேட்டிருப்பாங்க? மாடஸ்ட் மவுஸ் அவரைக் கூப்பிட்டதே ஸ்மித்ஸ் ஜானி மார்ங்கிறதாலதான். அந்தப் பாட்டுகள்ல ரெண்டு பேர் இருக்காங்க. கிட்டார் குதிச்சுக்கிட்டு ஓடும், மேல குரல் சோகத்தைச் சொல்லும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசை. அந்த இழுபறிதான் ஸ்மித்ஸ். பின்னாடி அவர் வாசிச்ச எதுலயும் அந்த எதிர்த்திசை எனக்குக் கிடைக்கலை. சுத்தமா, அழகா இருக்கு. ஆனா நெஞ்சுல முள்ளு குத்தலை.

இன்னொண்ணு. விலகினதை ஏதோ துணிச்சல் மாதிரி எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு நிலையா ஒரு மேனேஜர் கிடையாது. வேன் வாடகைக்குப் பேசறது, போன் எடுக்கறது, கம்பெனிக்குப் பதில் சொல்றது, எல்லாம் 22 வயசுப் பையன் தலையில. அதோட டியூன் போடணும், ரெக்கார்டிங்ல அத்தனை கிட்டாரையும் வாசிக்கணும். 1986 நவம்பர்ல கார் விபத்து வேற. அவர் களைச்சுப் போனார், அதான் நடந்தது. யாராவது ஒரு மாசம் லீவு குடுத்திருந்தா அந்தக் குழு பிழைச்சிருக்கும்னு நான் நம்பறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரலை.

---

லாஸ்பேட்டை ஆறாம் கம்பி
ஜூன் 24, மதியம் 1:30

அண்ணா, நான் கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. காலேஜ் முடிச்சுட்டு வீட்ல யூட்யூப் பார்த்து வாசிக்கிறேன். ஸ்மித்ஸ் பாட்டு எதை எடுத்தாலும் கார்டு (சில ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற பிடி) சரியா பிடிச்சாலும் அந்த மினுமினுப்பு வர மாட்டேங்குது. என் கிட்டார் மட்டமா, கை மட்டமா? அப்புறம் 'ஹவ் சூன் ஈஸ் நவ்' பாட்டுல கிட்டார் துடிக்குதே, அது காலால மிதிச்சு சத்தத்தை மாத்துவாங்களே, அதுல எந்தப் பெடல்?

---

உப்புக்காற்று
ஜூன் 24, இரவு 9:05

தங்கச்சி, ரெண்டும் மட்டம் இல்லை. ஆரம்ப கால ஸ்மித்ஸ்ல அவர் கிட்டாரையே ரெண்டு ஃப்ரெட் (கழுத்துல இருக்கிற குறுக்குக் கம்பி) அளவு மேல ட்யூன் பண்ணி வச்சிருந்தார். நம்ம கணக்குல சொன்னா ஆறாம் கம்பி மூணு கட்டையில இருக்கும், அதை நாலரைக் கட்டைக்கு ஏத்திட்டார். கம்பி விறைப்பா நிக்கும், சத்தம் பளிச்சுனு வரும். நீ அப்படி ஏத்தாதே, பத்தாம் நம்பர் தடிமன் கம்பி செட் போட்டிருந்தா கிட்டார் கழுத்து வளையும், முதல் கம்பி அறுந்து முகத்துல அடிக்கும். ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா கம்பியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) போட்டுக்கோ, போதும்.

ரெண்டாவது விஷயம், அவர் கார்டை மொத்தமா அடிக்கிறது கம்மி. பிரிச்சு வாசிப்பார். 'இளைய நிலா' ஆரம்பத்துல கிட்டார் கம்பி கம்பியா உதிருமே, அந்த ஆர்பெஜியோதான் அடிப்படை. விரலைச் சீக்கிரம் எடுக்காம, முன்னாடி தட்டின கம்பியை அடுத்தது வர்ற வரைக்கும் ஒலிக்க விடணும். திறந்த கம்பி ஒண்ணு ரெண்டு எப்பவும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கணும். டிஸ்டார்ஷன் வேண்டாம், ட்ரெபிளைக் கொஞ்சம் ஏத்து.

இப்போ அந்தத் துடிப்பு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, அதனால நிதானமா சொல்றேன். அது பெடல் இல்லை. 1984 கோடையில லண்டன்ல பதிஞ்சது. முதல்ல ரிதம் கிட்டாரை எந்த எஃபெக்டும் இல்லாம டேப்ல பதிஞ்சாங்க. அப்புறம் அந்த டேப்பை ஓட்டி, வர்ற சத்தத்தை நாலு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்குற பெட்டி) வழியா வெளிய விட்டாங்க. அந்த ஆம்ப்ல ட்ரெமொலோன்னு ஒரு வசதி உண்டு, சத்தம் தானா ஏறி இறங்கும். சின்ன வயசுல டேபிள் ஃபேனுக்கு முன்னாடி வாயை வச்சு 'ஆ'ன்னு கத்துவோமே, குரல் வெட்டி வெட்டி வருமே, அதேதான். ஃபேன் ஓடுற வேகம் பாட்டோட தாளத்துக்குச் சேரணும், கஷ்டம் அங்கேதான். நாலு ஆம்புக்கும் நாலு வேகத் திருகு. மார் ரெண்டு, தயாரிப்பாளர் ஜான் போர்ட்டர் ரெண்டுன்னு ஆளுக்கு ரெண்டு ஆம்பைப் பிடிச்சுக்கிட்டு, டேப் ஓட ஓட திருகைத் திருப்பிக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணு தாளம் தப்பினா நிறுத்து, டேப்பைப் பின்னாடி ஓட்டு, திரும்ப. சில சமயம் பத்து விநாடிதான் சேர்ந்து வரும், அதைப் பதிஞ்சுக்கிட்டு அடுத்த பத்து விநாடி. ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியான பாட்டு அது! இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதை முதல்ல வேற ஒரு பாட்டுக்குப் பின்பக்கத்துலதான் போட்டு வெளியிட்டாங்க.

ஸ்மித்ஸோட 'திஸ் சார்மிங் மேன்' பாட்டுல தனித்தனியா பதிஞ்சு சேர்த்த பதினஞ்சு கிட்டார் டிராக் வரைக்கும் இருக்குன்னு அவரே சொல்லியிருக்கார். ஒரு இடத்துல டெலிகாஸ்டர் கிட்டார் கம்பி மேல சாப்பாட்டுக் கத்தியைப் போட்டு அந்தச் சத்தத்தைப் பதிஞ்சிருக்கார். ஹெட்போன்ல கோரஸ் முடியற இடத்தைக் கேட்டுப் பாரு.

---

லாஸ்பேட்டை ஆறாம் கம்பி
ஜூன் 24, இரவு 11:20

கேட்டுட்டேன்! கேப்போ போட்டு முதல் நாலு பாரை (தாள வட்டத்தை) ஒரு மணி நேரமா வாசிச்சேன், அம்மா வந்து விளக்கை அணைச்சுட்டாங்க. அண்ணா, இன்னொரு சந்தேகம். என் கம்பி ஒரே மாசத்துல கறுத்துடுது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல பெருசா எதுவும் இல்லை.

---

பழைய ஆர்க்கெஸ்ட்ரா (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)
ஜூன் 25, காலை 5:40

கடலோரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கிற வியாதிம்மா அது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடைத்து வை. சுவரில் மாட்டாதே, உறைக்குள் வை. புது செருப்புப் பெட்டியில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம் வருமே, அதில் நாலைந்தை உள்ளே போடு. மாசத்துக்கு ஒரு தடவை வயர் செருகுகிற ஓட்டையையும் பார், உள்ளே பச்சை பிடித்திருந்தால் சத்தம் விட்டுவிட்டு வரும்.

இப்போது முத்தியால்பேட்டைத் தம்பிக்கு. நான் 1984ல் ஆரம்பித்து 22 வருடம் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்தவன். இங்கிலாந்துக்காரரைப் பற்றி நேற்றுத்தான் கேள்விப்பட்டேன், என் பேரன் போட்டுக் காட்டினான். ஆறு பாட்டு கேட்டேன். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும், ரிதத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம்.

வீராம்பட்டினம் தேருக்கு ஒரு வருடம் கச்சேரி. டிராக்டர் டிரெய்லர் இரண்டைச் சேர்த்து மேடை. பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல். வாசிப்பவருக்கே தன் சத்தம் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர், மானிட்டர் என்கிற பேச்சே கிடையாது. பாடகி குரல் அன்றைக்குக் கட்டியிருந்தது. இரண்டாவது சரணத்தில் அந்த அம்மா மேல் சுருதிக்குப் போகப் பயப்படுவது எனக்கு முதுகைப் பார்த்தே தெரிந்தது. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியது. நான் அடிப்பதைக் குறைத்து, மேல் மூன்று கம்பியில் மட்டும் அந்தச் சுருதியை முன்கூட்டியே காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். கீழே இருந்த மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியாது. இறங்கியதும் அந்த அம்மா என் கையைப் பிடித்து இரண்டு நிமிடம் விடவில்லை.

பேரன் போட்ட பாட்டுகளில் அந்த ஆள் அதைத்தான் செய்கிறார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் ஒரு சின்ன வளைவு வளைந்து வருகிறது, குரல் வந்ததும் ஒதுங்கி நிற்கிறது. தனியாக 'சோலோ' என்று ஒன்று கேட்கவே இல்லை. பாட்டு முழுக்க வாசிக்கிறார், ஆனால் எங்கேயும் வழி மறிக்கவில்லை. இதை 20 வயதில் செய்தார் என்றால் அவருக்குக் காது மூத்தவர்களுடைய காது.

எங்கள் காலத்தில் கேசட் அட்டையில் பாடகர் பேர் இருக்கும், இசையமைப்பாளர் பேர் இருக்கும். கிட்டார் வாசித்தவன் பேர் எங்கே இருந்தது? இளையராஜாவே கிட்டார்காரர்தான், சிலரை அவரே மேடையில் பேர் சொல்லிக் காட்டியதால் சதானந்தம், சசிதரன் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். மற்றவர்கள் எத்தனை பேர்! அதனால் தம்பி, ரிதத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று மனம் நோகாதே. ஆனால் 'ரிதம்தானே' என்று நினைத்துக்கொண்டு போகவும் போகாதே. அப்படிப் போனால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

---

கெடிலக்கரை
ஜூன் 25, இரவு 8:50

ஐயா, இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனை வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்த்திசைன்னு நான் சொன்னேனே, அதுக்குள்ள இந்த ஒதுங்கி நிக்கிறதும் இருக்குன்னு நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது.

ஆனா உப்புக்காற்று சார், ஒரு கேள்விக்கு நீங்க பதில் சொல்லலை. ஸ்மித்ஸ்ல ரூர்க்குக்கும் டிரம்மர் ஜாய்ஸுக்கும் நூத்துக்குப் பத்து பத்துதான் பங்கு. மாரும் மாரிஸ்ஸியும் நாற்பது நாற்பது எடுத்துக்கிட்டாங்க. அடுத்தவங்க பாட்டுக்கு உழைச்சவர்னு நீங்க கொண்டாடற மனுஷன், தன் பள்ளிக்கூடக் கூட்டாளிக்குப் பத்து பர்சென்ட் குடுத்திருக்கார். ரூர்க்கோட பேஸ் இல்லாம அந்தப் பாட்டு எல்லாம் எங்கே நிக்கும்? அவரைப் பிடிக்கும்ங்கிறதுக்காக இதை மறைச்சுட்டுப் போக முடியாது.

---

மஞ்சக்குப்பம் வக்கீல்
ஜூன் 26, காலை 7:20

இந்தப் பங்குத் தகராறில் நடந்த வழக்கைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன், எங்கள் தொழிலில் நல்ல பாடம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. பாட்டை எழுதிய, மெட்டமைத்த உரிமை மார், மாரிஸ்ஸி இருவருடையது. அதில் தகராறே இல்லை. தகராறு, பதிவுகளிலிருந்தும் மேடையிலிருந்தும் வரும் பணத்தைப் பற்றியது. டிரம்மர் மைக் ஜாய்ஸ் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு. அவர் பக்கத்து அடிப்படை, இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம்: வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு. பத்து சதவீதத்துக்கு ஜாய்ஸ் ஒத்துக்கொண்டார் என்பதை எதிர்த் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. 25 சதவீதம் என்று தீர்ப்பானது. பழைய பாக்கி ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு. மாரிஸ்ஸி மேல்முறையீடு செய்து 1998ல் தோற்றார். மார் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

மனம் கனக்கும் பகுதி ரூர்க்குடையது. அவருக்கு அப்போது பணக் கஷ்டம். 1989லேயே 83,000 பவுண்டு வாங்கிக்கொண்டு பத்து சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏழு வருடம் கழித்துத் தன் கூட்டாளி வென்ற பங்கை அவரால் கேட்க முடியாமல் போனது.

நம் ஊர் பேண்டுகளுக்கும் இது பொருந்தும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932, பிரிவு 13(பி): ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை லாபத்தில் சம பங்கு, நஷ்டத்திலும் சம பங்கு. குழுவைப் பதிவு செய்யவில்லை என்றாலும், கலைத்துக் கணக்குக் கேட்கும் உரிமை பிரிவு 69ன்படி போகாது. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வணிகமாகப் பயன்படும் பதிவுகளில் வாசித்தவருக்கும் ராயல்டி உரிமை உண்டு. வாட்ஸாப்பில் நாலு வரி எழுதி எல்லாரும் 'சரி' என்று போட்டால்கூடப் பின்னால் உதவும். தயவுசெய்து செய்யுங்கள். கண்ணீரோடு என் அலுவலகத்துக்கு வரும் கூட்டாளிகளை வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். நட்பாக இருந்தவர்கள்தான் அதிகம்.

---

உப்புக்காற்று
ஜூன் 26, இரவு 10:30

கெடிலக்கரை சார், மறைக்கலை. எழுதக் கஷ்டமா இருந்தது, ஏன்னா எங்க பேண்டு கலைஞ்ச காரணமும் அதுதான்.

நாலு பேர் சேர்ந்து ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு மிக்ஸர், ஒரு பவர் ஆம்ப் வாங்கினோம். யார் எவ்வளவு போட்டோம்னு எழுதி வைக்கலை. பாட்டு நான் போட்டேன், அதனால புரோகிராம் பணத்துல எனக்குக் கொஞ்சம் கூட வரணும்னு நானே முடிவு பண்ணி எடுத்துக்கிட்டேன். பேஸ் வாசிச்சவன் மூணு வருஷம் வாயைத் திறக்கலை. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் அடிச்சு ஊரே தண்ணியில நின்னுச்சே, ஒரே நாள்ல கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை, அப்போ பிராக்டீஸ் ரூமுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி. பாக்ஸ் ரெண்டும் போச்சு. ரிப்பேர் செலவை நாலாப் பிரிக்கணும்னு நான் சொன்னேன். அப்போதான் அவன் கேட்டான்: "வரவுல நாலாப் பிரிச்சியா?" பிப்ரவரி வரைக்கும் இழுத்துச்சு. அவன் வரலை. அப்புறம் யாரும் வரலை.

தப்பு என்னோடது. வக்கீல் சார் எழுதினதைப் படிச்சப்போ ரூர்க் கையெழுத்துப் போட்ட இடத்துல எங்க ஆள் முகம் தெரிஞ்சுது.

மாருக்கும் அந்தப் பத்து பர்சென்ட் கறைதான், நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த வழக்குக்கப்புறமும் மாரும் ரூர்க்கும் பகையாளியா போகலை. 2006ல மான்செஸ்டர்ல புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட ரூர்க் ஏற்பாடு பண்ணின கச்சேரியில மார் வந்து வாசிச்சார். 2022 செப்டம்பர்ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல மார் வாசிக்கறப்போ ரூர்க்கை மேடைக்குக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து நின்ன கடைசி மேடை அது. 2023 மே 19 ரூர்க் கணையப் புற்றுநோய்ல போயிட்டார், வயசு 59.

இதையும் சொல்லிடறேன். ஒயேசிஸ் பேண்டுக் கிட்டார்காரர் நோயல் கல்லகர் ஆரம்பத்துல ஒரே கிட்டாரை வச்சுக்கிட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் ட்யூன் மாத்திக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு, மார் தன்னோட லெஸ் பால் கிட்டார் ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டார். 1994ல மேடையில நடந்த ஒரு கைகலப்புல அது அடிபட்டதும், வேற ஒரு லெஸ் பாலை அனுப்பி வச்சார். ஸ்மித்ஸோட மூணாவது ஆல்பத்துல தான் வாசிச்ச கறுப்பு கிட்டார் அது. பங்கு பிரிக்கறப்போ கணக்குப் பார்த்த மனுஷனும், கிட்டாரைத் தூக்கிக் குடுத்த மனுஷனும் ஒரே ஆள்தான். எனக்கு ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் அவரைப் பிடிக்குது.

---

கெடிலக்கரை
ஜூன் 26, இரவு 11:10

இதை வெளிப்படையா எழுதினதுக்கு நன்றி சார். அந்த பேஸ் வாசிச்சவருக்குப் போன் பண்ணீங்களா?

---

லாஸ்பேட்டை ஆறாம் கம்பி
ஜூன் 27, காலை 8:00

நான் இவ்வளவு நாளா இன்செப்ஷன் படத்து இசையைக் கேட்டுக்கிட்டே தூங்குவேன். அதுல கிட்டார் ஜானி மார்னு நேத்துதான் பார்த்தேன். இசையமைச்ச ஹான்ஸ் சிம்மர் பேர் மட்டும்தான் தெரியும். ஆர்க்கெஸ்ட்ரா தாத்தா சொன்ன கேசட் அட்டை கதை மாதிரியே இருக்கு. அந்த நாலு ஸ்வரம் திரும்பத் திரும்ப வர்ற இடத்துல கிட்டாரை இப்போ தனியா பிரிச்சுக் கேட்க முடியுது.

---

உப்புக்காற்று
ஜூலை 6, இரவு 11:55

பத்து நாளா இந்தப் பக்கம் வரலை, மன்னிச்சுக்கங்க.

போன் பண்ணலை, நேர்ல போனேன். குருசுக்குப்பத்துல அவன் வீடு. அவன் அம்மா காப்பி குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஆறு வருஷக் கணக்கை நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருந்தேன், என் ஞாபகத்துல இருந்த வரைக்கும். அவனுக்குச் சேர வேண்டியது 41,500 ரூபா வந்துச்சு. பதினஞ்சாயிரம் கையில குடுத்தேன், மீதி மாசாமாசம். அவன் நோட்டை ரொம்ப நேரம் பார்த்தான். ரெண்டு புரோகிராமை நான் விட்டுட்டேன்னு பேனாவை வாங்கி அவனே எழுதிச் சேர்த்தான். பேண்டைத் திரும்ப ஆரம்பிக்கறதைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை.

அப்புறம், அந்தப் பாடகர் குழுவுக்குச் சரின்னு சொல்லிட்டேன். இன்னைக்கு முதல் பிராக்டீஸ். லீடு வாசிக்கிற பையனுக்கு வயசு 20, கை பறக்குது. முதல் பாட்டுல நானும் அவனும் ஒரே இடத்துல வாசிச்சு மோதிக்கிட்டோம். ரெண்டாவது பாட்டுக்கு ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டு, கீழ் கம்பிகளை விட்டுட்டு மேல் நாலு கம்பியில பிரிச்சு வாசிச்சேன். பாடகர் மூச்சு வாங்குற இடத்துல மட்டும் உள்ள போனேன். மூணாவது தடவை வாசிக்கறப்போ அந்தப் பையன் வாசிக்கறதை நிறுத்திட்டு என் இடது கையைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

பங்கு எப்படின்னு முதல் நாளே கேட்டுட்டேன் வக்கீல் சார். வாட்ஸாப் குரூப்ல அஞ்சு பேரும் 'சரி' போட்டாச்சு.

---

பழைய ஆர்க்கெஸ்ட்ரா
ஜூலை 7, காலை 5:25

சந்தோஷம் தம்பி. மேல் நாலு கம்பியில் என்றால் மூன்றாவது கம்பிதான் முதலில் சுருதி இறங்கும், பாட்டுக்குப் பாட்டு அதை மட்டும் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பேரனோடு புதுச்சேரி வருகிறேன். பிராக்டீஸ் எத்தனை மணிக்கு, எந்தத் தெரு என்று போடு. ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.